இருபத்தைந்தாம் பக்கத்துக் கண்

புதிதாக நூலகப் பணிக்கு வந்திருக்கும் தம்பிகளே, தங்கைகளே,

உங்களுக்கு நூலக அறிவியல் நான் சொல்லித் தர வேண்டியதில்லை. என்னைவிட நன்றாகப் படித்துவிட்டு வந்திருக்கிறீர்கள். கம்ப்யூட்டரில் நான் ஒற்றை விரலால் எழுத்துத் தேடிக்கொண்டிருந்தபோது நீங்கள் பார்க்காமலே தட்டி முடித்துவிடுகிறீர்கள். ஆகவே பாடம் எதுவும் நடத்தப் போவதில்லை. உங்கள் மேசை டிராயரில் பென்சில் எழுத்தை அழிக்கிற ரப்பர் ஒன்று கிடக்கும். அதைக் கையில் எடுப்பதற்கு முன்னால் நான் இப்போது சொல்லப்போவதை ஒரு தடவை நினைத்துக்கொள்ளுங்கள், அது போதும்.

நான் ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. பழனிசெட்டிபட்டியில் வீட்டில்தான் இருக்கிறேன். இந்தக் கதையை ஆரம்பித்தால் எனக்கு இன்றும் குரல் ஏறிவிடும், கை தானாக ஆடும். வீட்டில் உள்ளவர்கள் பலமுறை கேட்டுவிட்டதால் எழுந்து போய்விடுகிறார்கள். நீங்கள் எழுத்தில் மாட்டிக்கொண்டீர்கள், தப்பிக்க முடியாது.

கடைசி ஒன்பது வருடம் தேனிப் பக்கம் தேவாரம் என்கிற ஊரைத் தாண்டி மலையடிவாரத்தில் ஒரு கிராம நூலகத்தில் இருந்தேன். ஊர்ப் பெயர் வேண்டாம், அங்கே இருப்பவர்கள் உரிமையோடு சண்டைக்கு வருவார்கள். ஒரு பெரிய அறை, ஒரு சின்ன அறை, பேப்பர் படிக்க நீள மேசை, கதைப் புத்தகங்களுக்கு மூன்று இரும்பு அலமாரி. ஊர்க்காரர்கள் என்னை ‘லைப்ரரி டீச்சர்’ என்பார்கள். நான் டீச்சர் இல்லை என்று முதல் மாதம் முழுக்கத் திருத்திப் பார்த்தேன். பிறகு விட்டுவிட்டேன். அந்தப் பெயருக்கு ஏற்ற மாதிரி எனக்குக் கோபமும் நன்றாக வரும்.

முக்கியமாக ஒரு விஷயத்துக்குக் கோபம் வரும். நூலகப் புத்தகத்தில் பென்சிலால் குறி வைப்பது. நம் வாசகர்களின் இந்தப் பழக்கத்தை நீங்களும் சீக்கிரம் பார்ப்பீர்கள். ஒருவர் பதினோராம் பக்கத்தின் கீழ் மூலையில் புள்ளி வைப்பார். இன்னொருவர் கடைசிப் பக்கத்தில் பெருக்கல் குறி போடுவார். ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர் முழுக் கையெழுத்தே போட்டுவிடுவார், செக்கில் போடுவது மாதிரி. எல்லாம் எதற்கு? நிறையப் படிக்கிறவர்களுக்குப் பெயர் மறந்துபோகும். படித்ததையே மறுபடி எடுத்துக்கொண்டு போய் மூன்றாம் பக்கத்தில் ‘அடடா’ என்று உட்காரக் கூடாது. புத்தகத்தை எடுத்ததும் தன் பக்கத்தைப் புரட்டிப் பார்ப்பார்கள். குறி இருந்தால் படித்தது, திரும்ப வைத்துவிடுவார்கள். எனக்கு இது தெரியும். தெரிந்தும் அதை அழுக்கு என்றே நினைத்தேன்.

ஒருநாள் மாவட்டத்திலிருந்து அதிகாரி ஒருவர் ஆய்வுக்கு வருவதாகத் தகவல் வந்தது. வருவதற்கு ஒரு வாரம் இருந்தது. அலமாரியைத் துடைத்தேன், ஒட்டடை அடித்தேன், அப்புறமும் கை சும்மா இருக்கவில்லை. ரப்பர் ஒரு பெட்டி வாங்கி வந்து உட்கார்ந்தேன். ஐந்து நாள். ஒவ்வொரு புத்தகமாக எடுத்து, பக்கம் பக்கமாகப் புரட்டி, புள்ளி, பெருக்கல், கோடு, வட்டம், ‘சூப்பர்’, ‘மொக்கை’ எல்லாவற்றையும் தேய்த்து எடுத்தேன். மணிக்கட்டு வீங்கிவிட்டது, தைலம் தடவிக்கொண்டு மறுபடி தேய்த்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் வேறு எந்த வேலையும் செய்ததில்லை என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அதிகாரி வந்தார். அலமாரியிலிருந்து நாலைந்து புத்தகத்தை உருவிப் புரட்டினார். நான் பாராட்டுக்காக முகத்தைத் தயாராக வைத்துக்கொண்டு நின்றேன். அவர் புத்தகத்தை மூடிவிட்டு, “இங்க யாரும் எடுத்துப் படிக்கிறதே இல்லையாம்மா?” என்று கேட்டார். பதினைந்து நிமிடத்தில் கிளம்பியும் போய்விட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்று மத்தியானம் சாப்பாடு இறங்கவில்லை. ஆனால் அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு வியாழக்கிழமை பேச்சியம்மாள் வந்தாள். பேச்சியம்மாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் கணவர் தங்கப்பாண்டி, ஊரில் எரிந்துபோன பம்புசெட் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறவர். திராட்சைத் தோட்டம், தென்னந்தோப்பு, எங்கே மோட்டார் புகைந்தாலும் அவரிடம்தான் தூக்கிக்கொண்டு வருவார்கள். என் நூலகத்தில் அவரைப் போலப் படிக்கிறவர் கிடையாது. ஆனால் அதற்கு நாலு வருடம் முன்னால் தேனியிலிருந்து பைக்கில் வரும்போது விழுந்து தலையில் பலமாக அடிபட்டது. பிழைத்துக்கொண்டார். கால்தான் சரியாக நடக்க விடவில்லை. அதன் பிறகு அவருக்குப் புத்தகம் எடுத்துப் போவதும் கொண்டுவந்து கொடுப்பதும் பேச்சியம்மாள்தான். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எண் மட்டும் தெரியும். அலமாரி முன்னால் நின்று புத்தகங்களைத் திறந்து திறந்து பார்த்துவிட்டு இரண்டை எடுத்து வருவாள். படம் இருக்கிற புத்தகம் தேடுகிறாள் என்று நினைத்து, “படம் போட்டது வேணுமா பேச்சி?” என்று நான் ஒருநாள் கேட்டிருக்கிறேன். அவள் சிரித்துக்கொண்டே இல்லை என்று தலையாட்டினாள்.

அந்த வியாழக்கிழமை அவள் சிரிக்கவில்லை. இரண்டு புத்தகத்தையும் மேசையில் வைத்துவிட்டு, இனி வேண்டாம் டீச்சர், கார்டையும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றாள். ஏன் என்று கேட்டதும் அழுதுவிட்டாள். அவள் விட்டு விட்டுச் சொன்னதை நான் சேர்த்துச் சொல்கிறேன்.

தங்கப்பாண்டிக்குப் பல வருடப் பழக்கம், படிக்கிற புத்தகத்தின் இருபத்தைந்தாம் பக்கத்தில் ஓரமாகச் சின்ன வட்டம் போடுவது. முடித்த புத்தகத்துக்கு வட்டத்துக்குள் ஒரு புள்ளி. பாதியில் விட்டதற்கு வெறும் வட்டம். பிடித்த இடத்தில் ஓரத்தில் ஒரு சின்ன நிற்கும் கோடு. எல்லாமே இலேசாக, காகிதத்துக்கு வலிக்காமல். அவர் நடமாட்டம் நின்ற பிறகு பேச்சியம்மாள் புத்தகத்தில் தேடியது அந்த வட்டத்தைத்தான். இருபத்தைந்தைப் புரட்டுவாள், வட்டம் இருந்தால் வைத்துவிடுவாள், இல்லாவிட்டால் எடுத்துப் போவாள். எழுத்துத் தெரியாத பெண் நாலு வருடமாக ஒரு தடவைகூடத் தப்பாக எடுத்துப் போகவில்லை. 

இப்போது தப்பாகிவிட்டது. மூன்று வாரமாக அவள் கொண்டுபோன ஆறு புத்தகத்தில் நாலு அவர் ஏற்கனவே படித்தது. முதல் பக்கத்திலேயே அடுத்து என்ன வரும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. இருபத்தைந்தைப் பார்த்தால் வட்டம் இல்லை. தலையில் அடிபட்டவர்களுக்குச் சில சமயம் நடக்காதது நடந்த மாதிரி மனசு கற்பனை செய்யும், கவனமாக இருங்கள் என்று டாக்டர் முன்பே சொல்லி வைத்திருந்தார். அது தனக்கு வந்துவிட்டது என்று முடிவு செய்துவிட்டார் மனிதர்.

“படிக்காத புஸ்தகம் எனக்கு எப்பிடித் தெரியும் பேச்சின்னு கேக்குறாக டீச்சர். காயிலுக்கு எத்தன சுத்து சுத்துனேன்னு எம் மனசு சொல்றத இனி எப்பிடி நம்புறதுங்கிறாக. வந்த மோட்டாரையெல்லாம் திருப்பி அனுப்பிட்டாக. காயில் சுத்துற மெஷின தேனியில ஒரு ஆளுக்குக் குடுத்துட்டாக. திங்கக்கெழம வந்து தூக்கிட்டுப் போறாக.”

நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். ஐந்து நாள் நான் தேய்த்து ஊதிய ரப்பர் தூளில் அந்த மனிதரின் ஞாபகமும் சேர்ந்து போயிருக்கிறது. ‘ஏன் பேச்சி முன்னாலேயே சொல்லவில்லை’ என்று அவள் மேல் பாய்ந்தேன் பாருங்கள், அதுதான் என் குணம். தப்பு என்னுடையது, கோபம் அடுத்தவர் மேல்.

உடனே அவளோடு கிளம்பிப் போனேன். வீட்டின் முன் அறைதான் பட்டறை. தங்கப்பாண்டி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மெஷினைச் சாக்குப் போட்டுச் சுற்றிக் கட்டி வைத்திருந்தார்கள். நான் மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். ஆய்வு, ரப்பர், ஐந்து நாள், வீங்கிய மணிக்கட்டு வரை சொல்லி மன்னிப்பும் கேட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு பேச்சியம்மாளைப் பார்த்துச் சிரித்தார். “அவ அழுதிருப்பா. நீங்க நல்லவுக, அதான் பழியத் தூக்கி உங்க மேல போட்டுக்கிட்டு வந்திருக்கீக. எனக்கு இது ஒண்ணும் கஷ்டமில்ல டீச்சர், நீங்க போயிட்டு வாங்க.”

உண்மையைச் சொல்லியும் நம்பாத மனிதரிடம் என்ன செய்வீர்கள்? இன்னும் உரக்கச் சொன்னேன். உரக்கச் சொன்னது நாடகம் மாதிரி இருந்தது. எனக்கே கேட்டது.

நூலகத்துக்குத் திரும்பினேன். அவர் என்னென்ன படித்தார் என்பதற்கு ஆதாரம் தேடினேன். எங்கள் கிளையில் அப்போது கம்ப்யூட்டர் வரவில்லை. புத்தகம் போகும்போது உறுப்பினர் அட்டையை வாங்கி வைப்போம், புத்தகம் வந்ததும் அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிடுவோம், அவ்வளவுதான். இன்று எத்தனை புத்தகம் போயிற்று என்பதற்குப் பதிவேடு உண்டு. யார் எதைப் படித்தார் என்பதற்கு எங்கேயும் எழுத்து கிடையாது. அதை எழுதி வைத்திருந்தது அந்தப் பென்சில் ஒன்றுதான்.

வெள்ளிக்கிழமை நூலகத்துக்கு வார விடுமுறை. வீட்டில் யாரோடும் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். சனிக்கிழமை வந்தவரையெல்லாம் நிறுத்திக் கேட்டேன், இருபத்தைந்தாம் பக்கத்தில் ஒரு வட்டம் பார்த்திருக்கிறீர்களா என்று. ஒருவருக்கும் தெரியவில்லை. அவரவர் பக்கத்தை அவரவர் பார்த்திருக்கிறார்கள். கையெழுத்து வாத்தியார் மட்டும், என் கையெழுத்து எங்கே போச்சு என்று என்னோடு தனியாகச் சண்டை போட்டுவிட்டுப் போனார்.

இனி நான் சொல்லப்போவதைக் கொஞ்சம் கவனித்துப் படியுங்கள். சனிக்கிழமை சாயங்காலம் நூலகத்தில் யாரும் இல்லை. எனக்கு ஒரு யோசனை வந்தது, வந்ததும் துள்ளி எழுந்தேன். வட்டத்தை நானே போட்டுவிட்டால் என்ன? அவர் எந்த மாதிரிப் புத்தகம் படிப்பார் என்று எனக்கு ஓரளவு தெரியும். ஒரு ஐம்பது புத்தகத்தில் போட்டு, இதோ பாருங்கள் அண்ணே, அழியாமல் தப்பியவை என்று காட்டினால் ஆள் நம்பிவிடுவார், மெஷின் தப்பிக்கும். பென்சிலைச் சீவினேன். முதல் புத்தகத்தில் வட்டம் போட்டேன், புள்ளியும் வைத்தேன். அச்சு அசலாக இருந்தது.

அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். தன் மனசு பொய் சொல்கிறதோ என்று நடுங்கிக்கொண்டிருக்கிற மனிதரிடம் போய் நான் ஒரு பொய்யை நீட்டப் போகிறேன். அவர் படிக்காத புத்தகத்தில் என் வட்டம் இருந்துவிட்டால்? இது எனக்கு நினைவே இல்லையே என்று அவர் இன்னொரு விதமாக உடைந்துபோவார். ரப்பரை எடுத்து அதை அழித்தேன். அந்த நூலகத்தில் நான் கடைசியாக அழித்த குறி அதுதான். நெருக்கடியில் நமக்கு முதலில் தோன்றுகிற சுலபமான வழி பெரும்பாலும் நம்மைக் காப்பாற்றத்தான் தோன்றும், வாசகரை அல்ல. அன்றைக்கு இது எனக்கு நன்றாகப் புரிந்தது, புரிந்தும் ஒரு வழியும் தெரியாமல் பஸ் ஏறினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி இருக்கும். ஆரோக்கியமேரி உள்ளே வந்தாள். பக்கத்து ஊர்க் கோயில் தெருப் பெண், ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து நேரே நூலகத்துக்கு வருகிறவள். மற்ற நாளெல்லாம் விடியும் முன்னே ஜீப்பில் ஏறி மலைமேல் ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போய்விடுவாள். எட்டாவது வரை படித்தவள். காய் எடுப்பு மும்முரத்தில் ஞாயிறும் வேலை இருந்ததால் ஒரு மாதமாக வரவில்லை. அலமாரி முன்னால் நின்று கடகடவென்று புத்தகங்களை உருவித் திறந்தாள். ஐந்து புத்தகத்தை என் மேசையில் திறந்தபடியே வைத்தாள். ஐந்தும் இருபத்தைந்தாம் பக்கம்.

“கண்ணெல்லாம் எங்க டீச்சர்?”

“எந்தக் கண்ணு?” என்று கேட்டுக்கொண்டே அவள் திறந்து வைத்த புத்தகங்களின் மேல் குனிந்தேன்.

வட்டமும் அதற்குள் புள்ளியும். அவள் அதற்குக் கண் என்று பெயர் வைத்திருந்தாள். ஆறு வருடம் முன்னால் தற்செயலாகக் கவனித்திருக்கிறாள், கண் போட்ட புத்தகம் எல்லாம் நன்றாக இருக்கின்றன, வெறும் வட்டம் போட்டவை இழுவையாக இருக்கின்றன. அன்றிலிருந்து கண் இருக்கிற புத்தகத்தை மட்டும்தான் எடுக்கிறாள். போட்டது யார் என்று தெரியாது. யாரோ பெரிய படிப்புப் படித்தவர், என்னிடம் கேட்டால் சிரிப்பேனோ என்று கேட்கவே இல்லையாம். பேச்சியம்மாள் கண் இல்லாத புத்தகத்தை எடுப்பாள், இவள் கண் இருப்பதை எடுப்பாள். ஒருத்தி வார நாளில், ஒருத்தி ஞாயிற்றுக்கிழமையில். நான் நடுவில் உட்கார்ந்து இரண்டு பேருக்கும் முத்திரை குத்திக்கொண்டு இருந்திருக்கிறேன், ஒன்றும் தெரியாமல்.

“ஆறு வருசத்துல எதெதுல கண்ணு இருந்துச்சுன்னு உனக்கு ஞாபகம் இருக்கா மேரி?” 

“ஞாபகம் எதுக்கு? எழுதி வச்சிருக்கேன்.”

மஞ்சள் பைக்குள் கையை விட்டு ஒரு நோட்டை எடுத்தாள். மகளின் பழைய பள்ளிக்கூட நோட்டு, பின் பக்கத்திலிருந்து எழுதியிருந்தாள். புத்தகத்தின் பெயர், எதிரே ஒரு குட்டிக் கண், அதற்கு எதிரே எண்கள். எண்கள் என்ன என்று கேட்டேன். அந்த ஆள் ஓரத்தில் கோடு போட்டிருந்த பக்கங்கள், அவருக்கு எது பிடித்தது என்று மறுபடி பார்க்கலாமே என்று குறித்துக்கொண்டேன் என்றாள். நீலப் பேனா, கறுப்புப் பேனா, பென்சில், ஈரம் பட்டு ஊறிய தாள், ஏலக்காய் வாசனை. நான் அந்த நோட்டைப் பிடித்துக்கொண்டு நூலகத்துக்குள்ளேயே இரண்டு சுற்றுச் சுற்றினேன். பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

அவர்களை வெளியே அனுப்பிவிட்டு, நோட்டில் இருந்த புத்தகங்களில் அலமாரியில் கிடைத்த ஏழெட்டை அள்ளிக் கட்டைப்பையில் போட்டேன். கதவைப் பூட்டி, பத்து நிமிடத்தில் வருகிறேன் என்று அட்டை தொங்கவிட்டேன். மூன்று மணி நேரம் கழித்துத்தான் வந்தேன். இதை உங்கள் மேலதிகாரியிடம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். வழி முழுக்க நான் மேரியிடம் தங்கப்பாண்டி கதையைச் சொல்லிக்கொண்டே ஓடினேன். அவள் ஒரு இடத்தில் நின்றுவிட்டாள். மோட்டார் கட்டுறவரா, வாத்தியார் இல்லையா என்று கேட்டாள். வாத்தியார் இல்லை என்றதும் அவளுக்கு நடை இன்னும் வேகமாகிவிட்டது.

தங்கப்பாண்டி எங்களைப் பார்த்ததும் சலித்துக்கொண்டார். இதுவும் டீச்சர் சொல்லிக் கொடுத்துக் கூட்டி வந்த ஆளா என்று கேட்டார். மேரி நோட்டை விரித்துக்கொண்டு முன்னால் வந்தாள். 

“எனக்கு ஒருத்தரும் சொல்லிக் குடுக்கல அண்ணே. ஆறு வருசமா உங்க பின்னாடியேதான் படிச்சுக்கிட்டு வாரேன். நீங்க யாருன்னு இன்னைக்குத்தான் தெரியும். நான் புஸ்தகத்துப் பேர வாசிக்கிறேன். அதுல எங்கன கோடு போட்டீகன்னு நீங்க சொல்லுங்க. பக்க நம்பரு எங்கிட்ட இருக்கு. டீச்சர் புஸ்தகத்தத் தொறந்து பாக்கட்டும். நீங்க படிக்காம இருந்தா அது எப்பிடிச் சரியா வரும், அதையும் பாத்துருவோம்.”

யோசித்துப் பாருங்கள். நான் மூன்று நாளாக மண்டையை உடைத்துக்கொண்ட விஷயத்தை அவள் நின்ற இடத்தில் யோசித்துச் சொல்லிவிட்டாள். 

முதல் பெயர், ஒரு கப்பல்காரன் கதை. பேச்சியம்மாள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தங்கப்பாண்டி தரையைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார். புயலில் எல்லாம் போய்விடும், அந்த ஆள் மட்டும் கரை ஒதுங்குவான். அழ மாட்டான். முதல் வேலையாகச் சட்டையைக் கழற்றி அலசிக் காயப்போடுவான். அங்கே கோடு போட்டதாக ஞாபகம். அப்படி ஞாபகம் என்றுதான் சொன்னார், போட்டேன் என்று சொல்லவில்லை.

“நூத்திப் பன்னெண்டு,” என்றாள் மேரி.

நூற்றுப் பன்னிரண்டைப் பிடிக்கவே முடியவில்லை, நூற்றுப் பத்துக்கும் நூற்றுப் பதினாறுக்கும் போய்ப் போய் வந்தேன். கிடைத்தது. உரக்க வாசித்தேன். அவன் சட்டையைக் கழற்றி அலசிப் பாறைமேல் விரித்தான். இருந்தது. அச்சில் இருந்தது.

அவர் தலையைத் தூக்கினார். அடுத்தது சொல்லு என்றார். இரண்டாவது சரியாக வந்தது. மூன்றாவதில் கதையைச் சொன்னார், ஆனால் கோடு எங்கே என்று நினைவு இல்லை என்றார். நாலாவது பெயரை மேரி முழுக்க வாசிப்பதற்குள்ளேயே, அண்ணன் தம்பி பாகம் பிரிக்கும்போது இருக்கிற ஒரே கிணற்றை என்ன செய்வது என்று தெரியாமல் நிற்பார்களே, அங்கே என்றார். மேரி நம்பர் சொன்னாள், நான் திறந்தேன், கிணறு இருந்தது. நான் எழுந்து நின்று கத்திவிட்டேன் என்று பேச்சியம்மாள் பின்னால் சொன்னாள். எனக்கு நினைவில்லை. தங்கப்பாண்டி கைகளை முகத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தோள் குலுங்கியது. கொஞ்ச நேரம் நாங்கள் யாரும் அவரைப் பார்க்கவில்லை.

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு மனைவியைக் கூப்பிட்டார். “பேச்சி, தேனிக்கு ஒரு போனப் போடு. மெஷின் தரலன்னு சொல்லிரு.”

அவள் போன் பேசிவிட்டு அப்படியே காப்பி போட்டுக் கொண்டுவந்தாள். அதற்குள் இங்கே மேரியும் தங்கப்பாண்டியும் சண்டையே ஆரம்பித்துவிட்டார்கள். கிணற்றுக் கதையின் முடிவு சரியில்லை என்கிறாள் அவள், அதைவிட வேறு எப்படி முடிக்க முடியும் என்கிறார் அவர். ஒரே புத்தகங்களை ஒருவர் பின் ஒருவராக ஆறு வருடம் படித்த இரண்டு பேர், அதைப் பற்றிப் பேச ஆளில்லாமல் ஆறு வருடம் இருந்திருக்கிறார்கள். இருவரும் மூச்சு விடவில்லை. நான் காப்பியைக் குடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்தேன். ஊதியக் குழுக்கள் எனக்குத் தந்தது எதையும் அந்த அரை மணி நேரத்துக்கு ஈடாகச் சொல்ல மாட்டேன்.

கடைசியில் மேரி தயங்கித் தயங்கி ஒன்று கேட்டாள். நாலு வருடமாக அவள் மனதில் அரித்துக்கொண்டிருந்தது அது. பையிலிருந்து ஒரு குடும்பக் கதையை எடுத்து அறுபத்தொன்றாம் பக்கத்தைத் திறந்தாள். 

“இங்கன ஒரு கோடு போட்டிருந்தீக அண்ணே. மழை விட்டதும் மாட்டப் பிடிச்சுக் கட்டுனாக, அம்புட்டுத்தான் இருக்கு. பத்து தடவ படிச்சுட்டேன். பெரிய ஆளு போட்டிருக்காக, இதுல என்னமோ இருக்கு, எட்டாப்புப் படிச்ச நமக்குத்தான் வெளங்கலன்னு நெனச்சுக்கிருவேன். அதுல என்னதான் இருக்கு?”

தங்கப்பாண்டி புத்தகத்தை வாங்கிப் படித்தார். மறுபடி படித்தார். முகத்தில் இருந்த வெளிச்சம் குறைவது எனக்குத் தெரிந்தது. இங்கே கோடு இருந்ததா என்று கேட்டார். இருந்தது, நான் பொய் சொல்ல மாட்டேன் என்றாள் மேரி. எனக்கு அவள் வாயைப் பொத்தலாம் போல இருந்தது. எவ்வளவு பாடுபட்டு ஏறி வந்த மனிதர், இந்த ஒரு கோட்டில் மறுபடி சறுக்கப் போகிறாரே என்று பதறினேன். யோசிக்க யோசிக்க, அங்கே ஒரு கோடு இருந்ததும் அது தன்னுடையது என்று நினைத்ததும் அவருக்கும் ஞாபகம் வந்தது. ஏன் போட்டோம் என்று மட்டும் தெரியவில்லை. வாய்க்குள்ளேயே முனகிக்கொண்டு அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பேச்சியம்மாள் காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டிருந்தாள். குனிந்து அந்தப் பக்கத்தின் எண்ணைப் பார்த்தாள். டம்ளரைக் கீழே வைத்தாள்.

“அது நான் போட்டது.”

மூன்று பேரும் அவளைத் திரும்பிப் பார்த்தோம். அவளுக்கு வெட்கம் வந்துவிட்டது. முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டே சொன்னாள்.

“தேனி ஆஸ்பத்திரியில கெடந்தீகள்ல. கண்ண முழிச்சு மொதோ மொதோ புஸ்தகம் கேட்டீக. நானும் எடுத்துக் குடுத்தேன். கொஞ்ச நேரம் படிச்சீக, அப்பிடியே தூங்கிட்டீக, வெரலு அந்த எடத்துலயே இருந்துச்சு. முழிச்சா எங்கன விட்டோம்னு தெரியாமத் தவிப்பீகளேன்னு உங்க பென்சில எடுத்து வெரலு இருந்த எடத்துல ஒரு கோடு போட்டேன். நீங்க போடுற மாதிரியேதான் போட்டேன்.”

தங்கப்பாண்டி புத்தகத்தை மடியில் வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். எழுந்ததும் அங்கிருந்துதான் படித்தேன், நான் போட்ட கோடு என்றே நினைத்துவிட்டேன் என்று மெதுவாகச் சொன்னார். 

மேரிக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எழுத்துத் தெரியாத ஒருத்தி போட்ட கோட்டைப் புரிந்துகொள்ள அவள் ஒரு பக்கத்தைப் பத்து தடவை படித்திருக்கிறாள். நோட்டை மடியில் வைத்து, அந்தப் புத்தகத்தின் பெயரைத் தேடிப் பிடித்து, அறுபத்தொன்று என்ற எண்ணுக்குப் பக்கத்தில் பேனாவால் நிறுத்தி நிதானமாக எழுதினாள். எழுதியதைப் பேச்சியம்மாள் பக்கம் திருப்பிக் காட்டினாள். 

“என்ன மேரி எழுதிருக்க?”

“ஒங்க பேருதான் மதினி.”

பேச்சியம்மாள் கையைச் சேலையில் நன்றாகத் துடைத்துவிட்டு, அந்த எழுத்துகள் மேல் விரலை வைத்து மெதுவாக நகர்த்தினாள். “இதுவா எம் பேரு?” என்று கேட்டாள்.